அப்பா காருக்கு ஒரு பின் ஆக்சில்

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

அப்பாவுக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் இல்லை. எனக்கு இடுப்பு வலியைத் தவிர குறையொன்றும் கிடையாது. உன் முட்டி எப்படி? அண்ணி நன்றாக இருக்கிறாரா?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறைக்கு லேத் வேலை கேட்டு எழுதிப் போட்டிருந்தேன். எடுத்துக்கொண்டார்கள். அக்டோபர் முதல் தேதி போய்ச் சேர வேண்டும். அதற்கு மேல் இடத்தை வைத்திருக்க முடியாது என்று எழுதியே அனுப்பிவிட்டார்கள். நான் லேத் முன்னால் நின்று நாலு வருஷம் ஆகிறது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்த அன்று மெஷினை நிறுத்திவிட்டு வந்தவள், திரும்பிப் போகவே இல்லை.

"அப்பா வர்றேன்னா என் வீட்டுக் கதவு தொறந்தே இருக்கு, அவர்தான் வரமாட்டேங்கறார்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாய். அவர் ஏன் வரமாட்டேன் என்கிறார் என்பது உனக்குத் தெரியாததல்ல. ரயில் கூடாது, ஆம்புலன்ஸ் கூடாது. "என் வண்டியில, முன் சீட்டுல உக்காந்து வருவேன். இல்லேன்னா இங்கயே கிடக்கறேன்." அந்த வண்டியோ பின் ஆக்சில் உடைந்து, ஷெட்டில் கட்டைமேல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டே சீட்டு உள்ள அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு இங்கே எந்தக் கடையிலும் ஆக்சில் இல்லை. உன் பழைய உதிரிபாகக் கடையில் இருக்குமா?

உனக்கு எழுதப்போவதாக அப்பாவிடம் சொன்னேன். "எழுது. ஆனா அப்பா கேட்டார்னு எழுதாதே, கஸ்டமர் கேட்டார்னு எழுது. உடனே பதில் வரும்" என்றார்.

அண்ணிக்கு என் அன்பு.

தங்கை


மார்ச் 12

அன்புள்ள தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

முட்டி மாடிப்படியைப் பார்த்தால் மட்டும் வலிக்கிறது, கல்லாவில் உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. அண்ணி சுகம். அப்பா சொன்னதைக் கடையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

போன் போட்டிருக்கலாமே என்று கணக்குப்பிள்ளை கேட்டார். போனில் நான் பேரம் பேசுவதில்லை. வாய் முந்திக்கொண்டு எதையாவது ஒப்புக்கொண்டுவிடும். காகிதம் என்றால் நிதானமாகப் பதில் சொல்லலாம்.

அந்த மாடல் ஆக்சில் எங்கும் கிடைக்காது. இருந்ததெல்லாம் உருக்காலைக்குப் போய்விட்டது. ஆனால் 'இல்லை' என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. உடைந்த டைனமோ விற்று ஆரம்பித்த காலத்திலேயே, என் கல்லா முன்னால் நிற்கிறவனுக்கு 'இருக்கு' என்பதுதான் பதில் என்று முடிவு செய்துகொண்டேன். முதலில் சொல்லிவிடுவேன், அப்புறம்தான் தேட ஓடுவேன். அதனால்தான் கடைத்தெருவில் எனக்கு 'இருக்கு முதலாளி' என்று பெயர்.

அதே கம்பெனியின் அடுத்த தலைமுறை வண்டி ஒன்று விபத்தில் முன்பக்கம் நசுங்கி என்னிடம் வந்திருக்கிறது. அதன் பின் ஆக்சில் முழுசாக இருக்கிறது. வெளிப்படையாகச் சொல்கிறேன், அப்படியே தூக்கி மாட்ட முடியாது. பழையதைவிட அகலம் அதிகம், சக்கரம் இரண்டு பக்கமும் ஒரு விரல் வெளியே நிற்கும். உன் வண்டிச் சக்கரத்துக்கு நாலு போல்ட், இதற்கு ஐந்து. வெட்டி ஒட்டுகிற வேலை நிறைய இருக்கும். லாரியில் அனுப்பிவிட்டேன். உடைந்த பழசை அதே லாரியில் ஏற்றிவிடு. எங்கள் தொழிலில் பழசு கைக்கு வராமல் மாற்றுச் சாமான் வெளியே போகாது. தங்கையானாலும் அதுதான்.

அப்பா இங்கே வருவது பற்றி: கீழ் அறையில் கியர்பாக்ஸ் அடுக்கியிருக்கிறேன், கிடங்கில் இடமில்லை. கொஞ்சம் சரக்கு நகரட்டும், பார்க்கலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


ஏப்ரல் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே இருவரும் அப்படியே இருக்கிறோம். நீயும் அண்ணியும் சுகம்தானே?

ஆக்சில் வந்தது. இறக்கி வைக்கும்போது ஷெட் தரையே அதிர்ந்தது. "உன் அண்ணன் அனுப்பினதா? பின்னாடியே பில்லும் வரும், பாரு" என்றார் அப்பா. பழசைக் கழற்றி உன் லாரியிலேயே ஏற்றிவிட்டேன். இனி அந்த வண்டிக்குத் திரும்பிப் போக வழியில்லை, இதை மாட்டித்தான் ஆக வேண்டும்.

நான் வேலை செய்கிற விதத்தைச் சொன்னால் சிரிப்பாய். அப்பா இடது கையில் ஒரு ஸ்பேனர் வைத்திருக்கிறார். ஏதாவது வேண்டுமென்றால் கட்டில் கம்பியில் தட்டுவார். தண்ணீருக்கும் அதே தட்டல், திரும்பிப் படுக்கவும் அதே தட்டல், சும்மா நான் இருக்கிறேனா என்று பார்க்கவும் அதே தட்டல். வண்டிக்கு அடியில் புகுந்து ஒரு நட்டைப் பிடிப்பதற்குள் சத்தம் கேட்கும். கையைத் துடைத்துக்கொண்டு போவேன். திரும்பி வருவதற்குள் எந்த நட்டு என்பது மறந்துவிடும். பக்கத்து வீட்டம்மா வந்து உட்காரும் நேரத்தில்தான் மருந்துக்கடைவரை போக முடிகிறது. அதற்கு அப்பால் தெரு எப்படி இருக்கிறது என்பதே மறந்துவிட்டது.

அளவெடுத்தேன். பட்டா ஸ்பிரிங் உட்காரும் பலகைகளைப் புது ஆக்சிலில் வெட்டி எடுத்து, பழைய இடைவெளிக்கு மாற்றி ஒட்ட வேண்டும். அதைத் தெருமுனை வெல்டர் செய்வார். சிக்கல் வேறு. எஞ்சினிலிருந்து வருகிற ஷாஃப்ட்டின் முனையும் ஆக்சிலின் முனையும் பொருந்தவில்லை. இரண்டையும் இணைக்க நடுவில் வருகிற, சிலுவை மாதிரியான கிராஸுக்கு ஒரு பக்கம் சிறிசு வேண்டும், மறுபக்கம் பெரிசு. இதற்கு ஏதாவது உண்டா?

அறையில் சரக்கு நகர்ந்ததா?

தங்கை


ஏப்ரல் 27

அன்புள்ள தங்கைக்கு,

சுகம், சுகம். சிக்கல் என்று நீ எழுதியதைப் படித்ததும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கிடங்குக்குப் போய்விட்டேன், அண்ணிக்குக் கோபம்.

இரண்டு கை ஓர் அளவு, இரண்டு கை வேறு அளவு என்று ஒரு கிராஸ் உண்டு. இரண்டு தலைமுறை வண்டிகளைச் சேர்க்கிறவர்களுக்கென்றே செய்தது. பத்துக் கடைக்காரன் 'இல்லை' என்பான், அதைக் கேட்டபின் எனக்குத் தூக்கம் வருமா? தேடி எடுத்துவிட்டேன். இத்துடன் பார்சலில் வருகிறது. கிரீஸ் போட்டு மாட்டு.

ஒன்று முக்கியம். ஸ்பிரிங் பலகையை ஒட்டும்போது வண்டியின் எடை ஆக்சில் மேல் இறங்கியிருக்க வேண்டும். தொங்கவிட்டபடி ஒட்டினால் ஷாஃப்ட் சேருகிற ஆக்சில் மூக்கு தப்பான பக்கம் திரும்பிவிடும், ஓடும்போது வண்டி உதறும். முதலில் புள்ளி புள்ளியாய் ஒட்டி, இறக்கிப் பார்த்து, அப்புறம் முழுசாக ஒட்டச் சொல்.

சக்கரத்தை அப்புறம் பார்க்கலாம். எழுது.

அண்ணன்


ஜூன் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் தாமதம். அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டிவிட்டது. இப்போது பரவாயில்லை, திட்டுகிறார். எனக்குத்தான் கண்ணைச் சுற்றிக் கறுத்திருக்கிறது. உங்கள் இருவருக்கும் ஒன்றுமில்லையே?

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாள்தான் வெல்டர் வந்து, ஆக்சிலைத் தொங்கவிட்டபடியே பலகையை முழுசாக ஒட்டிவிட்டுப் போனார். நான் பக்கத்தில் நின்றிருந்தால் எனக்கே தோன்றியிருக்கும், ஆனால் அந்த நேரத்தில் கட்டில் கம்பி தட்டிக்கொண்டே இருந்தது. மறுநாள் அப்பாவை நாற்காலியில் வைத்து ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். ஒரு பார்வைதான் பார்த்தார். "மூக்கு வானத்தைப் பாக்குது. யாரு ஒட்டினது, பட்டம் விடறவனா?" என்றார். கூலி வாங்க வந்திருந்த வெல்டரின் முகம் விழுந்துவிட்டது. எல்லாவற்றையும் வெட்டி எடுத்து மறுபடி ஒட்டினோம். இந்தத் தடவை மாவு மூட்டைகளை டிக்கியில் ஏற்றி எடை கொடுத்து ஒட்டினோம். கிராஸ் அச்சாகப் பொருந்தியது.

அண்ணா, காய்ச்சல் நாட்களில் ஒன்று தோன்றியது. அந்த அறைக்கும் ஷெட்டுக்கும் நடுவில் எத்தனை அடி இருக்கும்? அதற்குள்ளேயேதான் நான் நாலு வருஷமாக நடந்துகொண்டிருக்கிறேன். துறைமுகத்திலிருந்து மறுபடி கடிதம் வந்திருக்கிறது. வருகிறாயா இல்லையா, ஒரு வார்த்தை சொல் என்கிறார்கள். என்ன எழுதட்டும்? கீழ் அறை என்ன ஆயிற்று?

தங்கை


ஜூன் 20

அன்புள்ள தங்கைக்கு,

அப்பாவுக்குத் தேவலை என்று கேட்டு நிம்மதி. அண்ணி உன்னை நன்றாகச் சாப்பிடச் சொல்கிறாள்.

நான் மறைத்துப் பேசத் தெரியாதவன். இவ்வளவு அவசரம் எதற்கு? இங்கே வருகிற வழியில் உள்ள மலைப்பாதை மழையில் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். வயதானவருக்கு இடம் மாறினால் தூக்கம் போய்விடும் என்று டாக்டர்களே சொல்கிறார்கள். துறைமுகம் எங்கேயும் ஓடிப்போகாது, அடுத்த வருஷமும் கப்பல் பழுதாகும். உனக்கு உதவிக்கு ஒரு ஆயாவை ஏற்பாடு செய்கிறேன். பொழுது போக ஒரு டிவி அனுப்பட்டுமா? பெரிசாகவே அனுப்புகிறேன்.

ஆக்சிலையும் நிதானமாகச் செய். கை வேலை இருந்தால் மனசு அலையாது, என் அனுபவம் அது.

அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டியபிறகு பிரித்து எழுதுகிறேன். பின்னால் ஐந்து போல்ட், முன்னால் நாலு என்றால் ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் ஆகாது. பாதி வழியில் பஞ்சரானால் என்ன செய்வாய்? உன் வண்டியின் முன் தண்டிலேயே ஏறுகிற, சக்கரத்தைத் தாங்கும் ஐந்து போல்ட் ஹப் ஒரு ஜோடி இருக்கு. சக்கரமும் இருக்கு. உட்பக்கம் ஆழம் கூடியது, மட்கார்டுக்கு வெளியே நிற்காது. லாரியில் ஏற்றிவிட்டேன்.


ஜூலை 11

என் அன்பு நாத்தனாருக்கு,

நலமாயிரு. உன் அண்ணனும் நானும் உயிரோடு இருக்கிறோம், அது போதும்.

நான் கடிதம் எழுதுகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஒரே ஒரு அளவு வேண்டும். மாமாவின் சக்கர நாற்காலி, கைப்பிடிக்குக் கைப்பிடி, எவ்வளவு அகலம்? குளியலறைக்குள் திரும்ப எவ்வளவு இடம் வேண்டும்?

கடை ஆட்கள் நேற்று சில கியர்பாக்ஸை வெளியே எடுத்தார்கள். "முதலாளி கேட்டா?" என்றார்கள். "முதலாளி அம்மா சொன்னான்னு சொல்லுங்க" என்றேன். அவர் அந்த அறைப் பக்கமே போவதில்லை, அதனால் இன்னும் தெரியாது.

பதிலை என் பெயருக்குப் போடு.

அண்ணி


ஆகஸ்ட் 23

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே சௌக்கியம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன். அண்ணிக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

வண்டி ஓடுகிறது. ஹப், சக்கரம் எல்லாம் பொருந்தின. பிரேக்கில் காற்றெடுத்து, வெல்டரும் நானும் அப்பாவைத் தூக்கி முன் சீட்டில் வைத்து, மார்புக்குக் குறுக்கே ஒரு போர்வையையும் கட்டினோம். "கிளட்ச் உனக்கு என்ன துரோகம் பண்ணுச்சு? மிதிக்காதே, விடு" என்றார். தெருவைத் தாண்டினோம். மருந்துக்கடையைத் தாண்டினோம். அவர் காதைப் பின்னால் திருப்பிக் கேட்டுக்கொண்டே வந்தார். "சத்தமே இல்லையே. என் வண்டி சத்தம் போடுமே. இது என் வண்டி இல்ல" என்றார். எனக்குத் திக்கென்றது, இதைச் சாக்காக வைத்துக்கொள்வாரோ என்று. கொஞ்ச தூரம் போனதும், "எதுக்கு மெதுவாப் போற? ஓட்டு" என்றார்.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. புது ஆக்சிலில் கைப்பிரேக் கேபிள் மாட்டுகிற முனை வேறு மாதிரி. பழைய கேபிள் எட்டவில்லை. கைப்பிரேக் இல்லாத வண்டியில் மலைப்பாதை ஏற மாட்டேன் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நானும் ஏற்ற மாட்டேன். ஒரு பக்கம் பழைய முனை, மறுபக்கம் புது முனை உள்ள கேபிள் இருக்குமா?

தங்கை


செப்டம்பர் 10

அன்புள்ள தங்கைக்கு,

முட்டி மோசம். அண்ணி என்னவோ பாடிக்கொண்டே வேலை செய்கிறாள், அதுவும் மோசமான அறிகுறி.

உன் கடிதம் வந்து மேஜையில் நிறைய நாள் கிடந்தது. அதில் நீ கேபிளைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. அறை பற்றி இல்லை, அக்டோபர் பற்றி இல்லை. வியாபாரத்தில், பேரம் பேசாத வாடிக்கையாளரைக் கண்டால்தான் எனக்குப் பயம். அவன் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டுத்தான் உள்ளே வருகிறான்.

அந்தக் கேபிள் எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். யோசித்துச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். நேற்றுக் கடையில் நல்ல கூட்டம். இரண்டு பெரிய வொர்க்‌ஷாப்காரர்கள் கல்லா முன்னால் நிற்கிறார்கள். கணக்குப்பிள்ளை தபால்களை அடுக்கிக்கொண்டிருந்தவர், உன் கடிதத்தைத் தூக்கிப் பிடித்து, "முதலாளி, பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு, புது ஆக்சிலுக்குச் சேர்ற கைப்பிரேக் கேபிள். இருக்கா, இல்லையா?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார். அவர்கள் இருவரும் என் வாயைப் பார்க்கிறார்கள். ஒருவன், "இது இவர்கிட்டயும் இருக்காதுப்பா" என்று சிரிக்கிறான்.

"இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

இதனுடன் அனுப்பியிருக்கிறேன். இறுக்கும்போது லிவர் பாதிதான் மேலே வர வேண்டும்.

மலைப்பாதையில் இப்போது மழை என்று பேப்பரில் போட்டிருக்கிறான். சொல்லிவிட்டேன்.

அண்ணன்


அக்டோபர் 14

அன்புள்ள தங்கைக்கு, துறைமுகப் பட்டறை முகவரிக்கு.

நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? அதை ஒரு வரி எழுதக் கூடாதா?

நீ அப்பாவைக் கொண்டுவந்து விட்ட அன்று நான் சரியாகப் பேசவில்லை. என்ன பேசுவது? கடை வாசலில் ஹார்ன் சத்தம் கேட்டது. யாரோ வாடிக்கையாளர் என்று நினைத்து, "இருக்கு, வாங்க" என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தேன். முன் சீட்டில் அப்பா. கடை ஆட்கள் அவரைத் தூக்கி நாற்காலியில் வைத்தார்கள். நாற்காலி கீழ் அறைக் கதவில் இடிக்காமல் நுழைந்தது. உள்ளே கட்டில், சுவரில் கைப்பிடி, குளியலறையில் சறுக்காத தரை. கியர்பாக்ஸ் ஒன்றைக்கூடக் காணோம். என் வீட்டில் நடந்ததை நானே கடைசியாகத் தெரிந்துகொண்டேன்.

மருந்து நேரங்களை அண்ணிக்குச் சொன்னாய், டீயைப் பாதி குடித்தாய், கிளம்பிவிட்டாய். வண்டியையாவது விட்டுப் போவாய் என்று நினைத்தேன். அதற்குள் அப்பா, "நீ எடுத்துட்டுப் போ. இங்க விட்டா உங்கண்ணன் பார்ட் பார்ட்டாக் கழட்டி வித்துடுவான்" என்று முடித்துவிட்டார்.

இப்போது நிலைமை: அண்ணி தன் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள். எப்போது வருவாய் என்றேன். "உங்க அப்பா, உங்க ரூம். நான் கட்டில் போட்டாச்சு, மீதி உங்க பாடு" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆயா வைத்தேன், அப்பா அவளைத் திட்டி விரட்டிவிட்டார். இன்னொருத்தி பாதி நாள்தான் வருவாள். இந்த மாதப் பழைய வண்டி ஏலத்துக்கு என்னால் போக முடியவில்லை. நான் போகாமல் ஏலம் நடந்தது இதுதான் முதல் தடவை. கல்லாவில் உட்கார்ந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் கம்பி தட்டுகிற சத்தம். போனால், "ஒண்ணுமில்ல, இருக்கியான்னு பாத்தேன்" என்கிறார். திரும்பி வருவதற்குள் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறான்.

நீ எப்போது வருகிறாய்? மாதம் ஒரு தடவையா, பண்டிகை லீவுக்கா? தேதி எழுது, அதை வைத்து நான் ஏற்பாடு செய்துகொள்கிறேன்.

அண்ணன்


நவம்பர் 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். அப்பாவுக்கு இருமல் உண்டா? உன் முட்டிக்கு எப்படி?

மலைப்பாதையில் நல்ல மழைதான். நடு ஏற்றத்தில் லாரிகள் நின்றுவிட்டன, கைப்பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றோம். வண்டி ஒரு விரல்கூடப் பின்னால் நகரவில்லை. அப்பா தூங்கிவிட்டார்.

இங்கே எனக்குக் கொடுத்த லேத் என்னைவிட நீளம். கப்பல் தண்டுகள் கடைகிறேன். வேலை நடுவில் சில சமயம் கை தானாக நின்றுவிடுகிறது, யாரோ தட்டுகிற மாதிரி. மெஷின் ஓடுகிற சத்தம்தான். ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் சாலை முடிகிறவரை போனேன், திரும்பி வந்தேன். காரணம் ஒன்றுமில்லை.

ஆக்சில் அமைதியாக ஓடுகிறது. இடது சக்கரத்தின் உட்பக்கம் எண்ணெய் கசிவு தெரிகிறது, ஆயில் சீல் தேய்ந்திருக்க வேண்டும். இங்கே கடைகளில் கேட்டேன், இல்லை என்கிறார்கள். உன்னிடம் இருக்குமா? ஐந்து போல்ட் சக்கரங்களுக்கு எவ்வளவு காற்று வைப்பது என்றும் எழுது.

அப்பாவை இடது பக்கமாகத் திருப்பிப் படுக்க வை. வலது தோள் நோகும்.

தங்கை


டிசம்பர் 2

அன்புள்ள தங்கைக்கு,

அப்பா சுகம். இருமல் இல்லை. நான் இதை அவர் கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுகிறேன். கல்லாவைக் கணக்குப்பிள்ளை பார்த்துக்கொள்கிறார். அவர் வருகிறவர்களிடம் 'இல்லை' என்று சொல்வது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கிறது. எழுந்து போக முடியவில்லை. என் சட்டை நுனியை அப்பா பிடித்துக்கொண்டே தூங்குகிறார்.

ஆயில் சீல் இருக்கு. இரண்டு பக்கத்துக்கும் அனுப்பியிருக்கிறேன், ஒன்று போனால் மற்றதும் போகும். காற்று, பின்னால் முப்பது, முன்னால் இருபத்தெட்டு வைத்துப் பார்.

போன கடிதத்தில், எப்போது வருகிறாய் என்று கேட்டிருந்தேன். உன் பதிலில் மழை இருக்கிறது, லேத் இருக்கிறது, சீல் இருக்கிறது. அதை மட்டும் காணோம். உறையைத் திருப்பித் தட்டியும் பார்த்துவிட்டேன். தபாலில் ஒரு தாள் விழுந்திருக்குமோ?

அண்ணன்